பறவையை ஏமாற்றும் குன்றிமணி

செடி கொடிகளுக்குக் கால் கிடையாது. விதைகளெல்லாம் தாயின் காலடியிலேயே விழுந்து முளைத்தால், வெயிலுக்கும் தண்ணீருக்கும் தாயும் பிள்ளைகளும் போட்டி போட வேண்டியதுதான். அதனால் விதைகளை வெளியூர் அனுப்ப யாராவது தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

பல மரங்கள் இதற்கு நியாயமாகக் கூலி கொடுத்து விடுகின்றன. வேப்பம்பழத்தைப் பாருங்களேன். இனிப்பான சதை காக்காய்க்கு. கொட்டை எங்கேயோ விழுந்து முளைக்கிறது. ஆமணக்குக்கு எறும்புதான் சுமைகூலி. விதையின் நுனியில் சின்னதாக ஒரு முண்டு இருக்கிறதல்லவா, கொழுப்புச் சத்துள்ள அந்த முண்டுக்காக எறும்பு விதையையே புற்றுக்கு இழுத்துப் போகும். முண்டைத் தின்றுவிட்டு விதையை ஒதுக்கிவிடும்.

குன்றிமணிக் கொடி மட்டும் கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிற பேர்வழி! காய் முற்றியதும் வெடித்து, சிவப்பும் கறுப்புமான மணிகளைக் கடை பரப்பினாற் போலக் காட்டிக்கொண்டு நிற்கும். மணிகள் உடனே உதிருவதுமில்லை. தூரத்திலிருந்து பார்க்கும் பறவைக்கு அது நல்ல சதைப்பழமாகத் தெரிகிறது. விழுங்கினால் தின்ன ஒன்றுமில்லை, கல் மாதிரி விதைதான்! தோல் கெட்டியாக இருப்பதால் செரிக்காமல் எச்சத்தோடு வேறிடத்தில் விழுந்துவிடும். ஆனைக்குன்றிமணியும் இதே ஜாலம்தான் செய்கிறது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இனிமேல்தான் இருக்கிறது. பறவையை மயக்கும் அந்தச் சிவப்பு, தவழுகிற குழந்தையையும் மயக்கும். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோம், பல்லாங்குழிக்கும் எடுத்து வைக்கிறோம். ஆனால் குன்றிமணிக்குள்ளே 'ஆப்ரின்' என்ற கொடிய விஷம் இருக்கிறது. பறவைக்குப் பல் இல்லை, முழுசாக விழுங்குகிறது. நம் குழந்தைக்குப் பல் முளைத்து விட்டதே! மென்றால் ஆபத்து. உடைந்த மணியும், கோப்பதற்காகத் துளை போட்ட மணியும் அதைப்போலவே ஆபத்தானவை. 2011-ல் இங்கிலாந்தில் ஈடன் பிராஜெக்ட் என்ற தாவரத் தோட்டம், தான் விற்ற குன்றிமணிக் கைமணிகளைத் திருப்பித் தரும்படி அறிவிப்பே கொடுத்தது.

குழந்தை வாயில் போட்டுவிட்டால் என்ன செய்வது? வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மீதி மணியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-க்குப் போன் பண்ணலாம். வாந்தி, வயிற்றுவலி, ரத்தம் கலந்த பேதி எல்லாம் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியலாம். "குழந்தை நன்னாத்தானே விளையாடுது" என்று இருந்துவிடாதீர்கள். முழுசாக விழுங்கியிருந்தால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆனாலும் மென்றதா, இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆமணக்கு விதையிலும் 'ரிசின்' என்ற விஷம் உண்டு. விளக்கெண்ணெயில் அது இறங்குவதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆகவே விதையைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் குன்றிமணி இருந்தால் எண்ணி, மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். பல்லாங்குழி ஆடப் பெரிய பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையே போதும். ஆட்டம் முடிந்ததும் அதையும் பொறுக்கி வைத்துவிடுங்கள். கைக்குழந்தையின் மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ள ஒரு கொட்டை போதும்.