சீட்டு மேஜை: இன்னும் ஒரு கேள்வி கேட்கலாமா?

சென்ற இதழில் பிரிட்ஜ் ஆட்டத்தில் பாயிண்ட் எண்ணுவதைச் சொல்லியிருந்தேன். ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "கையில் ஆறு பாயிண்ட்தான், எதிராளிகளோ ஏற்றிக் கொண்டே போகிறார்கள். நான் வாயைத் திறக்கலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். ஜோடிகளுக்குள் மனஸ்தாபம் வருவதே பெரும்பாலும் இந்த இடத்தில்தான்!

ஒரு கையைப் பார்ப்போம். இடப்பக்கத்து மாமி 'ஒரு ஆட்டின்' என்கிறார். எதிரே உள்ள உங்கள் ஜோடி 'ஒரு ஸ்பேட்' என்கிறார். வலப்பக்கத்து மாமி 'இரண்டு ஆட்டின்' என்று ஏற்றிவிட்டார். உங்களிடம் ஸ்பேடில் ராணியும் இரண்டு சில்லறைச் சீட்டும், ஆட்டினில் இரண்டே சில்லறை, டைமனில் ராஜாவோடு நாலு, கிளாவரில் ஜாக்கியோடு நாலு. மொத்தம் ஆறு பாயிண்ட்.

நம்மில் பலர் பாஸ் சொல்லிவிடுவோம். நான் 'இரண்டு ஸ்பேட்' கேட்பேன். எதிராளி ஆரம்பித்த பிறகு குறுக்கே புகுந்து ஸ்பேட் சொல்கிறவரிடம் சாதாரணமாக ஐந்து ஸ்பேடாவது இருக்கும். உங்கள் மூன்றோடு எட்டுத் துருப்பு. எட்டுத் துருப்புக்கு எட்டுப் பிடி, அதாவது 'இரண்டு' வரை கேட்கலாம். ஒன்பது இருந்தால் 'மூன்று' வரை. இந்தக் கணக்கைக் கண்டு சொன்னவர் ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர். லாரி கோஹன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1992ல் எழுதிய புத்தகத்தால் அது எங்கும் பரவிற்று.

தோற்றால் என்ன ஆகும் என்கிறீர்களா? அவர்கள் இரண்டு ஆட்டினை ஆடி எட்டுப் பிடி எடுத்தால் அவர்களுக்கு 110. நீங்கள் ஒரு பிடி குறைந்தால் போவது 50தான். இரண்டு குறைந்தால்கூட 100, அப்போதும் பத்து மிச்சம்! ஆனால் நீங்கள் 'வல்னரபிள்' ஆக இருந்தால் ஒரு பிடிக்கு 100, இரண்டுக்கு 200. அப்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

நீங்கள் கேட்டதும் மாமிக்கு ரோஷம் வந்து 'மூன்று ஆட்டின்' என்பார். அங்கேதான் கையைக் கட்டிக் கொள்ள வேண்டும். எட்டுத் துருப்பை வைத்துக் கொண்டு மூன்றுக்குப் போகாதீர்கள். அவர் ஒன்பது பிடி எடுத்தாக வேண்டும், எடுக்கட்டும் பார்ப்போம். என் வீட்டுக்காரர், "ஏன் விட்டுக் கொடுத்தாய்?" என்று முறைப்பார். நான் சீட்டை அடுக்கிக் கொண்டே இருப்பேன். அவர் கையில் ஆறாவது ஸ்பேட் இருந்தால் அவரே கேட்டிருக்கலாமே!

இது வாய்ப்பாடு மாதிரி தப்பாமல் வரும் கணக்கல்ல. மைக் லாரன்ஸ், ஆண்டர்ஸ் விர்கிரன் என்ற இருவர் 2004ல் இதை மறுத்து ஒரு புத்தகமே போட்டார்கள். அதனால் இன்னொன்றையும் பாருங்கள். அதே ஆறு பாயிண்டில் மூன்று பாயிண்ட் ஆட்டினின் ராணியும் ஜாக்கியுமாக இருந்தால்? அவை எதிராளியின் துருப்பைத் தடுக்கத்தான் உதவும். நீங்கள் ஸ்பேடில் ஆடும்போது அநேகமாக வீண். அந்தக் கைக்கு நான் பாஸ்தான் சொல்வேன்.

எதிராளி 'டபிள்' சொல்லி மிரட்டினால் என்ன செய்வது என்பது அடுத்த இதழில்.