இந்த ஒண்ணுக்கு மட்டும் விலக்கு!

"ரூல் எல்லாருக்கும்தான். ஆனா இந்த ஒரு சர்வருக்கு மட்டும் கொஞ்சம்..."

எந்தக் கம்பெனியின் ஐ.டி. டிபார்ட்மெண்டிலும் கேட்கிற வசனம் இது. கேட்பவர் பெரிய மேனேஜர். கொடுப்பவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பையன். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கொடுத்துவிடுவான். அப்புறம் இரண்டு பேருமே மறந்துவிடுவார்கள். மேட்டரே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏதோ அமெரிக்காக்காரன் தலைவலி என்று வாலாஜாபாத் பக்கம் யாரும் நினைக்கவேண்டாம். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் உலகத்தைக் கலக்கியபோது, வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் போகும் ரோட்டில் இருக்கிற ஒரகடம் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும் அடிவாங்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை, அப்போது சப்போர்ட்டில் இருந்த விண்டோஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. வைரஸ் கிளம்பியது மே 12. நடுவில் எட்டு வாரத்துக்கு மேல்! தொழிற்சாலைகளில் பேட்ச் தள்ளிப்போவதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "அந்த மெஷினைத் தொட்டா லைன் நின்னுடும், அதை மட்டும் விட்டுடுங்க."

மெஷினுக்குக் கேட்ட அதே சலுகையை இப்போது கிளவுடுக்கும் கேட்கிறார்கள். தலைமை அலுவலகம் எல்லாவற்றுக்கும் ஒரே பாலிசி போடும்: எந்த ஸ்டோரேஜும் வெளியாட்களுக்குத் திறந்திருக்கக் கூடாது என்பதுபோல. மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் கிளவுடில், அந்தப் பாலிசியிலிருந்து ஒரே ஒரு ரிசோர்ஸுக்கு மட்டும் விலக்கு கொடுக்க வசதி உண்டு. விலக்கு முடிகிற தேதியும் போடலாம். போடலாம், அவ்வளவுதான், கட்டாயமில்லை. போடாவிட்டால் யாராவது அழிக்கும்வரை விலக்கு நீடிக்கும்.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. பாலிசிப்படி எத்தனை சதவீதம் சரி என்று கணக்குப் போடும்போது, விலக்கு பெற்றவையும் சரியானவற்றோடு சேர்த்தே கூட்டப்படும். பத்தில் நான்குக்கு விலக்கு, மீதி ஆறும் ஒழுங்கு என்றால் ரிப்போர்ட்டில் 100 சதவீதம்! மேலதிகாரி பார்ப்பது அந்த நம்பரைத்தான்.

"அப்போ விலக்கே கூடாதா? வெப்சைட்டில் போடும் படத்தைப் பூட்டி வைத்தால் யார் பார்ப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ரூல் எங்கேயும் கிடையாது. விலக்கு தேவைதான். ஆனால் முடிவுத் தேதி இல்லாத விலக்குக்குப் பேர் விலக்கு இல்லை. யாருக்கும் சொல்லாமல் ரூலையே மாற்றுவது அது.

மறந்துபோன கதவு எவ்வளவு நாள் திறந்திருக்கும்? 2023-இல் டொயோட்டா தானே அறிவித்தது: கிளவுட் செட்டிங் தவறாக இருந்ததால், ஜப்பானில் சுமார் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வண்டி விவரங்கள் 2013 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல்வரை வெளியே தெரியும்படி கிடந்தன. அது கேட்டு வாங்கிய விலக்கு இல்லை, தவறுதான். ஆனால் யாரும் திரும்பிப் பார்க்காத கதவு எதுவானாலும் கதி இதுதான்.

நஷ்டம் யாருக்கு? 2022 மார்ச் 1 அன்று டொயோட்டாவின் 14 ஜப்பான் தொழிற்சாலைகளும் நின்றன. தாக்கப்பட்டது டொயோட்டா இல்லை, அதற்குப் பாகம் செய்து தரும் கோஜிமா என்கிற கம்பெனி. நுழைந்த வழி, கோஜிமாவின் துணை நிறுவனம் ஒரே ஒரு வெளிக் கம்பெனியோடு பேசுவதற்காக வைத்திருந்த ரிமோட் இணைப்புக் கருவி! ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் வட்டாரத்தில் இப்படிப் பாகம் செய்து கொடுக்கிற கம்பெனிகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். லைன் நின்றால் மேனேஜரின் சம்பளம் நிற்காது. காண்ட்ராக்ட் தொழிலாளியின் ஷிஃப்ட்தான் முதலில் போகும்.

கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, விசிட்டருக்குக் கொடுக்கிற பாஸைப் பாருங்கள். பேர் இருக்கும், யாரைப் பார்க்க என்று இருக்கும், தேதி இருக்கும். போகும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தரவேண்டும். அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கிற ஒழுங்கு, கோடிக்கணக்கில் செலவழித்த கிளவுடில் வேண்டாமா? விலக்கு கேட்பவர் தன் பேரில் கையெழுத்துப் போடட்டும், அந்தப் பையன் பேரில் அல்ல. காரணத்தை எழுதட்டும். 90 நாளில் தானாகவே முடியட்டும்; இன்னும் வேண்டுமென்றால் மறுபடி வந்து கேட்கட்டும். ரிப்போர்ட்டில் விலக்குகளின் எண்ணிக்கை தனியாகக் கண்ணில் படட்டும்.

தேதி போட மாட்டேன் என்கிறவருக்கு விலக்கு கிடையாது, அவர் எவ்வளவு பெரிய மேனேஜராக இருந்தாலும்.