தேசிக்காய்ப் புளியும் சிறுநீரகமும்



சிறுநீரகம் பழுதாகி டியாலிசே செய்கிறவர்கள் எங்கள் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். கிழமையில் மூன்று நாள், நாலைந்து மணித்தியாலம் மெசினோடு படுத்திருக்க வேண்டும். இப்போது எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலாவுகிறது: "மெசினுக்குள்ளேயே தேசிக்காய் உப்புத்தான் விடுகினமாம். அது உடம்பில் அழற்சியைக் குறைக்குமாம். அப்ப வீட்டில் தேசிக்காய்ச் சாறு குடிச்சால் மெசினே தேவையில்லையாம்." இதை நம்பி ஒரு ஐயா இரண்டு முறை டியாலிசேக்குப் போகாமல் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். கதையில் பாதி உண்மை. மற்றப் பாதி ஆளைக் கொல்லும். நாங்கள் வைத்தியர்கள் அல்ல, பள்ளிக்கூடப் படிப்போடு தொழிற்சாலைக்கு வந்தவர்கள். கேட்டும் வாசித்தும் எங்களுக்கு விளங்கியதைச் சொல்கிறோம்.

தேசிக்காய்ப் புளிப்பின் பெயர் சிற்றிக் அமிலம். அதன் உப்புத்தான் சிற்றேற். இங்கே சிற்றாற் என்பார்கள். தேசிக்காய் குடிக்காதவர் உடம்பிலும் அது இருக்கிறது. சாப்பாட்டைச் சக்தியாக்கும்போது எங்கள் கலங்களே அதை உண்டாக்குகின்றன. இதை 1937இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்து, 1953இல் நோபல் பரிசு பெற்றவர் ஹான்ஸ் கிறெப்ஸ். ஹில்டெஸ்ஹைமில் பிறந்தவர். யூதர் என்பதால் 1933இல் பிறைபூர்க்கில் வேலை பறிக்கப்பட்டு நாட்டை விட்டுப் போனவர். அவரும் எங்களைப் போல அகதிதான்.

இனி மெசினுக்கு வருவோம். இரத்தம் உடம்பை விட்டு வெளியே குழாயில் ஓடினால் உறையப் பார்க்கும். உறைவதற்குக் கல்சியம் வேண்டும். சிற்றேற் அந்தக் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடியில் பட்டதும் சிலிர்த்தெழுகிற வெண்குருதிக் கலங்களுக்கும் கல்சியம் தேவை. அதனால் அவையும் கொஞ்சம் அடங்குகின்றன. நாட்பட்ட சிறுநீரக நோயாளரின் உடம்பில், வெளியில் காயம் ஒன்றும் இல்லாமலே அழற்சி மெல்லக் கனன்றுகொண்டிருக்கும். இருதயத்தைக் கெடுப்பதில் அதற்கும் பங்குண்டு. ஆகவேதான் டியாலிசே நீரில் சிற்றேற் சேர்த்துப் பார்த்தார்கள். சில ஆய்வுகளில் அழற்சி குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை.

ஆனால் நோயெதிர்ப்பை அடக்குவது எப்போதும் நல்லதா? யேர்மனியிலேயே 2016 முதல் 2018 வரை 26 இடங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. திடீரென்று சிறுநீரகம் நின்றுபோய், தீவிர சிகிச்சையில் இருந்த 596 பேரில் ஒரு பகுதியினருக்கு சிற்றேற், மற்றவர்களுக்கு ஹெப்பாரின். சிற்றேற் கொடுத்தபோது வடி 47 மணித்தியாலம் நின்றுபிடித்தது, ஹெப்பாரினில் 26. கடும் இரத்தப்போக்கும் குறைவு. ஆனால் கிருமித்தொற்று வந்தது சிற்றேற் பக்கத்தில் நூற்றுக்கு 68 பேருக்கு, மற்றப் பக்கத்தில் 55 பேருக்கு. முடிவு 2020இல் வெளிவந்தது. காரணம் இன்னும் தீர்க்கமாகவில்லை. அவர்கள் நாட்பட்ட நோயாளர் அல்லர் என்பதையும் மறக்கக்கூடாது. என்றாலும் அழற்சி குறைந்தால் எல்லாம் நன்மை என்று சொல்ல முடியாது என்பது எங்களுக்கு விளங்குகிறது.

மெசினில் விடுவது அளந்து விடும் மருந்து. உடம்பில் கல்சியம் குறையாதபடி பார்த்துக்கொண்டே விடுகிறார்கள். வீட்டில் குடிக்கும் சாறு அந்த வேலையைச் செய்யாது. டியாலிசேயைத் தவறவிட்டால் பொற்றாசியம் ஏறி இருதயம் நின்றுவிடலாம், நீர் நுரையீரலில் தேங்கலாம்.

கறிக்குப் பிழிகிற பாதித் தேசிக்காயைப் பற்றிப் பயமில்லை. போத்தல் போத்தலாகக் குடிப்பதுதான் பிழை. குடிக்கிற நீருக்கும் கணக்குண்டு. தோடம்பழச் சாறு, இளநீர், தக்காளி ஆகியவற்றில் பொற்றாசியம் கூட. கடையில் வாங்கித் தண்ணீரில் கரைக்கிற நுரைக் குளிசைகளிலும் சிற்றிக் அமிலமும் சோடியமும் உண்டு. அலுமினியம் கலந்த வயிற்றெரிவு மருந்தோடு சிற்றேற் சேர்ந்தால் அலுமினியம் உடம்பில் கூடுதலாக ஏறும், பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று. இரத்தப் பரிசோதனைக் கடுதாசியில் 'கலியும்' என்றிருப்பது பொற்றாசியம், 'கல்சியும்' என்றிருப்பதுதான் கல்சியம். மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், போகமுன் இந்த இரண்டு சொல்லையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து விடுங்கள்.