எட்டுக் கலை

சென்ற மாதம் வந்த ஓர் இதழின் சிறப்புக் கட்டுரை, நவீன அறிவியலை ‘ஐரோப்பிய மனத்தின் விழிப்பு’ என்று சொல்லி முடிக்கிறது. கருவியும் கைத்தொழிலும் ‘இரண்டாம்பட்சம்’ என்று ஒற்றை வரி. படித்த நாளிலிருந்து அந்த இரண்டாம்பட்சம் நம்மைத் தூங்கவிடவில்லை.

1600இல் பிராகாவுக்குப் போன கெப்ளரிடம் விழித்த மனம் ஏற்கெனவே இருந்தது. இல்லாதது வானத்தை அளந்த டைகோ பிராகியின் குறிப்பேடுகள். தொலைநோக்கி வராத காலம். ஹ்வேன் தீவில் டைகோ சுவரோடு பதித்த பித்தளைக் கால்வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 2 மீட்டர். விளிம்பில், கோடுகளுக்கு நடுவே சாய்வாகப் புள்ளிகள். பாகைக்குள் கலையை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கை, பிரித்துப் படிப்பதற்கு. அந்தப் புள்ளிகளைக் குத்திய கை இரண்டாம்பட்சமாம்!

செவ்வாய்க்கு வட்டப்பாதை வைத்து, எழுபது முறையாவது போட்டுப் பார்த்ததாகக் கெப்ளரே புலம்பிய கணக்கு, கடைசியில் எட்டுக் கலை உதைத்தது. முழுநிலவின் அகலத்தில் கால்வாசி. பழைய குறிப்புகள் என்றால் அளந்தவன் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். டைகோவின் பித்தளை அதற்கு இடம் தரவில்லை. கணக்கைத் தூக்கிப்போட்டார். 1609இல் ‘புதிய வானியல்’ வெளியானபோது வட்டம் போய் நீள்வட்டம் வந்திருந்தது.

நமக்கு இதெல்லாம் பழைய பித்து. காந்த ஊசி கீழ்நோக்கிச் சாய்வதை 1581இல் எழுதிய ராபர்ட் நார்மன் லண்டனில் திசைகாட்டி செய்து விற்றவர். லத்தீன் அறியாத டெல்ஃப்ட் துணி வியாபாரி லீவன்ஹூக், தன் பல்லழுக்கில் நெளிந்த உயிர்களைப் பற்றி டச்சு மொழியிலேயே ராயல் சொசைட்டிக்குக் கடிதம் போட்டார். அடித்தளம், மேற்கட்டுமானம் என்று இரவெல்லாம் சண்டையிட்ட நாட்களில் இவர்களை எந்த மாடியில் குடிவைப்பது என்று தெரியாமல் விழித்திருக்கிறோம்.

போகட்டும். நம் இலக்கிய விமர்சனத்தில் எட்டுப் பாகை உதைத்தாலும் கோட்பாட்டில் யாரும் கைவைப்பதில்லை, நாவலைத்தான் வளைக்கிறார்கள். அமைப்பியல் காய்ச்சல் கண்டிருந்தபோது இந்தப் பக்கங்களிலும் அதைச் செய்தோம். இப்போதும் காய்ச்சல் முழுதாக விடவில்லை போலும். போன இதழில் ஒரு கவிதையின் கடைசி வரி அச்சில் விடுபட்டுவிட்டது. அந்த ‘மௌன முடிவை’ வியந்து மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. விடுபட்ட வரி 34ஆம் பக்கத்தில் இருக்கிறது.