அவளை முதலில் உட்கார வையுங்கள்

ஒரு பெண் குரலை உயர்த்தினால் போதும், "அவளுக்கு பிரஷர்" என்று வீடே சொல்லிவிடும். அவள் என்ன சொன்னாள் என்பதை அதன்பிறகு யாரும் கேட்பதில்லை. அவளுடைய இரத்த அழுத்தம் எவ்வளவு என்றும் யாரும் பார்ப்பதில்லை. கோபத்தை நோயென்று சொல்வது தந்திரம். நோயைக் கோபமென்று சொல்வது கொலைக்குப் பக்கத்தில் நிற்பது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. வாயே திறக்காத, 'தங்கமான' மருமகளுக்கும் அது இருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் ஆகவேண்டும்.

அளப்பதற்கு விதிகள் உண்டு. முந்தைய அரைமணி நேரத்தில் காபி குடித்திருக்கக் கூடாது. சிறுநீரை அடக்கியிருக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க, பட்டையை வெறும் தோலின்மேல் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். 140/90 என்ற எல்லைக்கோடு இப்படி ஓய்ந்திருக்கும் உடலுக்கானது.

இந்த விதிகளை நம் பெண்களின் நாளோடு வைத்துப் பாருங்கள். துணிக்கடைப் பெண் உட்காருவதற்கு இந்த மாநிலம் 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கழிப்பறை இல்லாத வேலையிடத்தில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிப் பழகியவர்கள் நாம். பேருந்திலிருந்து ஓடிவந்து, வரிசையில் நின்று, இறுகிய ஜாக்கெட் கைமேல் பட்டையைச் சுற்றிக்கொண்டு, செவிலியரின் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே எண் வந்துவிடுகிறது. கூடவே அறிவுரையும் வருகிறது: "டென்ஷன் ஆகாதீங்கம்மா." டென்ஷன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். கணவருக்கு அழுத்தம் என்றால் குடும்பமே உப்பைக் குறைக்கிறது. அவளுக்கென்றால் குழம்பு வழக்கம்போலக் கொதிக்கிறது. அவர் மாத்திரையை அவள் நினைவூட்டுகிறாள். அவள் மாத்திரையை நினைவூட்ட யாருமில்லை.

கர்ப்பகாலத்தில் மட்டும் தவறாமல் அளக்கிறோம். பிரசவம் முடிந்ததும் அந்த அக்கறையும் முடிந்துவிடுகிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டை பத்திரமாக இருக்கிறது; தாயின் எண்ணை யாரும் கேட்பதில்லை. கர்ப்பத்தில் அழுத்தம் உயர்ந்தவர்களுக்குப் பின்னாளில் உயர் இரத்த அழுத்தமும் இதயநோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவத்துக்குத் தெரியும். கருப்பை காலியானதும் இதயமும் கணக்கிலிருந்து போய்விடுமா?

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கருவியை வாசலுக்குக் கொண்டுவந்தது நல்லதே. அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பவர்களும் பெண்களே. அவர்களுக்கும் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள்.

நாம் கேட்பது இரக்கமல்ல. ஒவ்வொரு மருத்துவமனை வரிசையிலும் முதுகு சாய நாற்காலி, அருகே கழிப்பறை, எல்லா அளவிலும் பட்டை, ஐந்து நிமிடம். ஒரே அளவை வைத்து முடிவுகட்டாமல் வேறொரு நாளிலும் அளக்க வேண்டும். "கொஞ்சம் ஜாஸ்தி" என்ற பதிலை ஏற்காதீர்கள். இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதிவையுங்கள். கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படுங்கள். மாத்திரையையும் விடாமல் சாப்பிடுங்கள்.