வாரத்தில் ஒரு மணித்தியாலம்



கடைசியாக நீங்கள் எப்போது ஓடினீர்கள்? பஸ்ஸைப் பிடிக்க ஓடியதையோ, பால் பொங்குகிறதென்று குசினிக்கு ஓடியதையோ நான் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு, மூச்சு வாங்க, விளையாட்டுக்காக ஓடியது எப்போது? நம்மில் பலருக்கு அது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியோடு முடிந்துபோயிருக்கும்.

நம் கண்டிப் பெண்களுக்கு விளையாட்டு புதிதல்ல. 1927இல் இலங்கையில் நடந்த முதலாவது வலைப்பந்துப் போட்டியில், கொழும்பு லேடீஸ் கல்லூரிச் சாரணியரை எதிர்த்து ஆடியவர்கள் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலைச் சாரணியர்தாம். அந்த விளையாட்டிலேயே 2022இல் நம் நாடு ஆறாவது தடவையாக ஆசியக் கிண்ணத்தை வென்றது. ஆனால் பாடசாலையை விட்டு வந்த பெண்ணுக்கு, திருமணமாகிப் பிள்ளைகள் பெற்றவளுக்கு, விளையாட எங்கே இடம்?

இந்தக் கேள்விக்கு ஏற்ற ஒரு விளையாட்டு இப்போது பரவி வருகிறது. பெயர் பிக்கிள்போல். ஊறுகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை! 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் சலித்துப்போன பிள்ளைகளுக்காக ஜோயல் பிரிச்சர்டும் அவரது நண்பர்களும் கையில் கிடைத்த மேசைப்பந்து மட்டையையும் ஓட்டைகளுள்ள பிளாஸ்டிக் பந்தையும் வைத்து உருவாக்கியது. இன்று கொழும்பிலும் ஆடுகிறார்கள்.

ஆடுகளம் 44 அடி நீளம், 20 அடி அகலம். பெட்மின்டன் இரட்டையர் களத்தின் அளவும் அதுவே. ஆகவே பெட்மின்டன் கோடு போட்ட மண்டபம் ஒன்று கிடைத்தால் போதும்; வலையை மட்டும் தாழ்த்தி, நடுவில் 34 அங்குல உயரத்தில் கட்ட வேண்டும். பந்தைக் கீழிருந்து மேலாக அடித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் தோளுக்குப் பாரமில்லை. 11 புள்ளிகள், 2 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. வலையை ஒட்டி இரு பக்கமும் 7 அடி இடம் உண்டு. அதற்குள் நின்று, நிலத்தில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? குசினி! நாள் முழுவதும் குசினியில் நிற்கும் நம்மை, இங்கேயாவது கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்கிறது சட்டம்.

"நடந்தால் போதாதா?" என்பீர்கள். நடங்கள், நல்லது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டு அதில் ஒரு பங்குதான். ஆனால் தனியாக நடப்பவருக்கு ஒரு மழை போதும், விருந்தாளி ஒருவர் போதும், நின்றுவிடும். கண்டியில் மழைக்கா பஞ்சம்? நால்வர் சேர்ந்து ஆடும்போது மூவர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். "தாத்தா, எங்கே காணோம்?" என்று போன் வரும். உங்களுடைய மணித்தியாலங்கள் எல்லாவற்றுக்கும் உரிமைக்காரர் இருக்கிறார்கள். இந்த ஒன்றுக்கும் உரிமைக்காரரை வைத்துவிடுங்கள். அப்போதுதான் அது மிஞ்சும்.

எப்படி ஆரம்பிப்பது? அக்குறணையோ, கட்டுகஸ்தோட்டையோ, மடவளையோ, உங்கள் ஊரில் எட்டுப் பெண்கள் சேருங்கள். பெண்களுக்கு மட்டுமான நேரமாக மண்டபத்தைக் கேளுங்கள். அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் வீடு திரும்பும்படி வையுங்கள். கைபேசியில் படம் எடுப்பதில்லை என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். வாராவாரம் சோடியை மாற்றி, புள்ளிகளை ஒரு கொப்பியில் எழுதினால், அதுவே உங்கள் லீக். திறமைசாலி மட்டும் ஆடி மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது வேண்டாம்.

செருப்போடு ஆடாதீர்கள், சப்பாத்து அணியுங்கள். தலைக்கு மேல் போகும் பந்துக்காகப் பின்பக்கமாக ஓடாதீர்கள். விழுந்தால் மணிக்கட்டு முறியும். நெஞ்சுவலியோ, பிரஷரோ, சீனி வருத்தமோ உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். முக்காடு தடையல்ல. 2014இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமும் 2017இல் கூடைப்பந்துச் சம்மேளனமும் அதை அனுமதித்துவிட்டன.

வீட்டில் ஒளிக்க வேண்டாம். மாமியிடமும் கணவரிடமும் சொல்லிவிட்டே போங்கள். "இந்த வயதில் என்ன விளையாட்டு?" என்று யாராவது கேட்டால், நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடியதை நினைவூட்டுங்கள். முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தினார்கள். பின்னொரு நாள், அவர்கள் உடல் பருத்திருந்தபோது, நபியவர்கள் முந்தி, முன்னைய தோல்விக்கு இது ஈடு என்றார்கள். உடல் பருத்த பிறகும் ஓடினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அந்த மாலை சோறு சற்றுத் தாமதமாகலாம். பிள்ளைகள் ஒரு நாளைக்குத் தாங்களே தேநீர் ஊற்றிக் குடிக்கட்டும். திரும்பி வரும் உம்மாவின் முகத்தைப் பார்த்தால், அடுத்த வாரம் அவர்களே உங்களை நேரத்துக்கு அனுப்பி வைப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.