நிழலும் அவசரமில்லாத ஒரு பெரியவரும்

கெலுகோர் என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து வெயிலில் காயவைத்தால் அதுதான் கடையில் விற்கும் அசாம் கெப்பிங். பினாங்கு லக்சாவின் புளிப்பும் பல வீட்டு மீன் குழம்பின் புளிப்பும் அதிலிருந்து வருவதுதான். மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரானாலும், பினாங்கின் இந்தக் கெலுகோரிலும் மற்ற குடியிருப்புப் பகுதிகளிலும் வரிசை வீடுகளில் நடக்கும் பல பாலர் பள்ளிகளுக்கு முற்றம் என்று இருப்பது கார் நிறுத்த ஓடு பதித்த முன்வாசல் மட்டுமே. உள்ளே நான்கு வயதுக் குழந்தை 'இ' என்ற எழுத்துக்கு எதிரே அச்சடித்த இலைக்குப் பச்சை தீட்டிக்கொண்டிருக்கும். கோட்டைத் தாண்டாமல் தீட்டினால் ஒரு நட்சத்திரம் கிடைக்கும். அந்த இலைக்கு வாசனை இல்லை, விரலில் தட்டுப்படும் நரம்பு இல்லை, கசக்கினால் கையில் ஒட்டும் சாறும் இல்லை. வேலிக்கு அப்பால், வடிகால் ஓரத்தில், இவை எல்லாம் உள்ள இலைகள் ஆயிரக்கணக்கில் உதிர்ந்து கிடக்கின்றன. பாலர் பள்ளியை மலாயில் 'தாடிக்கா' என்கிறோம். 'தாமான் டிடிக்கான் கானாக்-கானாக்' என்பதன் சுருக்கம் அது. தாமான் என்றால் தோட்டம். 1840இல் ஜெர்மனியில் பிரெடரிக் ஃபுரோபல் தன் பள்ளிக்குச் சூட்டிய கிண்டர்கார்டன் என்ற பெயரிலும் தோட்டம்தான் இருந்தது. பெயரில் இருக்கும் தோட்டத்தைத் தரையிலும் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு, காட்டுப் பாலர் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற டென்மார்க்கிடமிருந்து கற்க வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விட வேண்டியதை முதலில் சொல்லிவிடலாம். 'ஹ்யூகெ' என்ற டேனிஷ் சொல் 2016 வாக்கில் உலகமெங்கும் புத்தகக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. மெழுகுவத்தி, கம்பளிப் போர்வை, கணப்பு அடுப்பு, சூடான பானம் என்று அதற்கு ஒரு தோற்றமும் ஒட்டிக்கொண்டது. பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம் உள்ள நாட்டில் சுகம் என்பது வெதுவெதுப்புதான். நம் மொழி கண்ட சுகம் வேறு. நல்ல செய்தி கேட்டால் நமக்கு மனம் குளிர்கிறது, பேரப்பிள்ளையைக் கண் குளிரப் பார்க்கிறோம், வயிறு குளிர்ந்து வாழ்த்துகிறோம். ஆகவே வகுப்பறையில் மஞ்சள் விளக்குச் சரமும் மரநிறப் பொம்மையும் வைத்து, அதற்கு ஹ்யூகெ என்று பெயரிட்டுக் கட்டணத்தை உயர்த்துவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தச் சொல்லின் உட்பொருளை எடுத்துக்கொண்டால் அது நமக்கு அந்நியமே இல்லை. யாரும் யாரையும் விரட்டாமல், யாரும் யாரையும் அளக்காமல் சேர்ந்திருக்கும் நேரத்தைத்தான் அது குறிக்கிறது. கிராமத்தில் அதற்குத் திண்ணை இருந்தது. ஜார்ஜ்டவுனில் கடைவீடுகளின் முன்னால் அஞ்சடி நடைபாதை இருந்தது. மழை விட்ட மாலையில் அஞ்சடியில் பாய் விரித்து, பெரியவர்கள் கதை பேச, பிள்ளைகள் காலடியில் விளையாடிய அந்த நேரத்துக்கு நாம் தனியாகப் பெயர் வைக்கவில்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியதோ டென்மார்க்கின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1943இல், ஜெர்மானியப் படைகள் நாட்டைப் பிடித்திருந்தபோது, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் ஒரு விளையாட்டிடம் திறக்கப்பட்டது. நிலவடிவமைப்பாளர் தியோடோர் சோரன்சன் அங்கே ஊஞ்சலும் சறுக்குமரமும் வைக்கவில்லை. உடைந்த பலகை, செங்கல், மண், கயிறு ஆகியவற்றைப் போட்டு, பிள்ளைகளே கட்டி இடிக்கும்படி விட்டார். கூடவே அவர்களோடு இருக்கச் சம்பளத்துக்கு ஒரு பெரியவரும் அமர்த்தப்பட்டார். பலகையையும் செங்கலையும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பெரியவரை மறந்துவிட்டது. 1950களில் காட்டுப் பாலர் பள்ளிகள் தோன்றியபோதும் இதே கதைதான்: காடு படங்களில் வந்தது, கூடவே நடந்த பெரியவர் வரவில்லை. அங்கே குழந்தைகளோடு இருக்கும் 'பெடகோக்' என்ற பணிக்கு மூன்றரை ஆண்டுப் படிப்பு உண்டு. 2024 ஜனவரி முதல் சட்டமும் வந்துவிட்டது: மூன்று வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் ஆறு பேருக்கு ஒருவர் என்பது ஒவ்வொரு நகராட்சியும் சராசரியாகக் காக்க வேண்டிய கணக்கு. நம் மலேசியாவின் தாஸ்கா (குழந்தைக் காப்பக) விதிகள் மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர் என்கின்றன. அரசுப் பாலர் வகுப்பில் இருபத்தைந்து பேர் வரை இருக்க, ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருப்பார்கள். இருபத்தைந்து பேரை இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் நாற்காலியில் உட்காரவைத்துத் தாளைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. வகுப்பறை இறுகிப்போனதற்கு ஆசிரியைகளைக் குறை சொல்வது நியாயமாகாது. இந்தக் கணக்குதான் அதை இறுக்குகிறது.

வெளியே விளையாடுவதால் நன்மை உண்டா என்ற கேள்விக்கு இன்று உணர்ச்சியை விட்டுவிட்டுத் தரவைக் கொண்டே பதில் சொல்ல முடியும். 1985 முதல் 2003 வரை பிறந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டேனியர்களின் பதிவுகளைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2019இல் வந்தது. பத்து வயது வரை பசுமை மிகக் குறைந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநோய் வரும் அபாயம் 55 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. குடும்பத்தின் வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தும் தொடர்பு மறையவில்லை. இது வீட்டைச் சுற்றிய பசுமை பற்றியது, பள்ளி முற்றம் பற்றியதன்று. காரணம் இதுதான் என்று நிரூபிப்பதும் ஆகாது. பள்ளி முற்றத்துக்கு நெருங்கிய சான்று பின்லாந்தில் கிடைக்கிறது. சரளைக்கல் பரப்பிய பகல்நேரக் காப்பக முற்றங்களில் காட்டுத் தரையையும் புல்லையும் கொண்டுவந்து விரித்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் அதில் விளையாடிய 28 நாள்களில் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது, இரத்தத்தில் நோயெதிர்ப்பைச் சீராக்கும் குறிகளும் மாறின. ஆனால் நமக்கு மிக நெருக்கமானது கண்ணைப் பற்றிய சான்று. ஆறு, ஏழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்டபோது, கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29 விழுக்காடு, சிட்னியில் 3 விழுக்காடு. பெற்றோரின் கண் குறையில் பெரிய வேறுபாடு இல்லை. சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம். குவாங்சோவில் பள்ளி நேரத்தில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே அனுப்பிப் பார்த்தபோது, மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காடு, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காடு. பகல் வெளிச்சத்துக்கு ஈடாக எந்த விளக்கும் இல்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகும் பெற்றோர் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: முதலாம் ஆண்டில் என் பிள்ளை வாசிக்கத் தெரியாமல் நின்றால் என்ன செய்வது? அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குக் காரணமாயிருந்த தேர்வுகள் போய்விட்டன. ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான தேர்வுகள் 2019இல் நீங்கின, ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிந்தது. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் தொடர்ந்து பார்த்த ஆய்வு, பதினோரு வயதுக்குள் பின்னவர்கள் எட்டிப்பிடித்துவிடுவதைக் காட்டியது. டென்மார்க்கிலேயே பள்ளிச் சேர்க்கை ஓராண்டு தள்ளிப்போன பிள்ளைகளுக்கு ஏழு வயதில் கவனச் சிதறல் குறைவாக இருந்தது, அந்த வேறுபாடு பதினோரு வயதிலும் நீடித்தது. எழுத்தே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எண்ணும் எழுத்தும் மண்ணிலும் இருக்கின்றன. சாகா மரத்தடியில் சிவப்பாக மின்னும் விதைகளைப் பாருங்கள். தமிழில் அது மஞ்சாடி; பொன்னை நிறுக்க நம் முன்னோர் எடைக்கல்லாக வைத்துக்கொண்டது. ஒரு பிடி மஞ்சாடியை அள்ளி, ஏழும் ஏழுமாய்ப் பதினான்கு குழிகளில் பங்கிட்டு, பக்கத்தில் இருப்பவளுக்குக் கூடிப்போனதைக் கண்டுபிடிக்கும் ஐந்து வயதுப் பிள்ளை கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் செய்துவிடுகிறது. வழுக்கும் விதையை இரண்டு விரலால் எடுக்கும்போது, பென்சில் பிடிக்க வேண்டிய தசையும் வலுப்பெறுகிறது.

தமிழ்ப் பாலர் பள்ளிகளுக்கு இதில் இன்னொரு இலாபம் இருக்கிறது, அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. வீட்டில் ஆங்கிலமும் திரையில் ஆங்கிலமும் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தமிழ் என்பது பயிற்றுத் தாளில் வரும் மொழியாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அணில் படம் தெரியும், அது தாவுவதைச் சொல்லத் தமிழ் வினை தெரியாது. சருகு, சேறு, தும்பி, அட்டை, ஈசல், வழவழப்பு, சொரசொரப்பு, நமநமப்பு இவையெல்லாம் தொட்டால்தான் வாயில் வரும் சொற்கள். தொட்டாற்சிணுங்கியை ஒரு முறை விரலால் தொட்டு, அது கூம்புவதைப் பார்த்த பிள்ளைக்கு அந்த நீண்ட பெயரை யாரும் மனப்பாடம் செய்துதர வேண்டியதில்லை. கெலுகோரின் தமிழ்ப்பள்ளி சுப்பிரமணிய பாரதியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாப்பாவுக்கு அவர் பாடிய பாட்டில் முதலில் வருவது விளையாட்டு. படிப்பு பிறகுதான் வருகிறது. நாம் அந்தப் பாட்டை உட்காரவைத்து ஒப்பிக்கச் செய்கிறோம்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. மண்ணில் விளையாடிய வாழ்க்கையிலிருந்து தப்பித்தானே நாம் நகரத்துக்கு வந்தோம்? தோட்டப்புறத்தில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவாள். வரிசையாகத் தொங்கும் ஏணைகள், பார்த்துக்கொள்ள ஒரு வயதான ஆயா, நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வெளியே மண்ணில். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடியில் வளர்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளைச் சட்டையும் மேசையும் ஆங்கிலப் பயிற்றுத் தாளும் முன்னேற்றத்தின் அடையாளங்கள். மறுபடி மண்ணுக்கு அனுப்பு என்று சொல்பவரைப் பாட்டி சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமே. ஆனால் ஆயாக் கொட்டகையில் குறையாக இருந்தது எது என்று நிதானமாக யோசிக்க வேண்டும். மண் அங்கே நிறைய இருந்தது, மரமும் ஓடையும் இருந்தன. பால் போதவில்லை, மருந்து போதவில்லை, அந்த ஆயா அன்புள்ளவளாக இருந்தாலும் அத்தனை பிள்ளைகளுக்கு அவள் ஒருத்தி போதவில்லை. அவள் யாரோடு உட்கார்ந்து கதை கேட்பாள்? டென்மார்க்கின் காட்டுப் பள்ளிக்கும் நம் கொட்டகைக்கும் உள்ள தூரம் அந்த ஆள்கணக்கில்தான் இருக்கிறது. பிள்ளையை மண்ணிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்தோம். பிள்ளைக்கு ஒரு பெரியவர் போதாத குறையைக் கூடவே கொண்டுவந்துவிட்டோம்.

வெயில், கொசு, பாம்பு என்ற கவலைகளுக்கு விடை உண்டு. 1982 ஜனவரி முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி முன்னுக்குப் போனதால், பினாங்கில் காலை எட்டு மணி என்பது சூரியக் கணக்கில் ஏழுகூட ஆகாத நேரம். உச்சி வெயில் பிற்பகல் ஒன்றேகால் வாக்கில்தான். எட்டு முதல் ஒன்பதரை வரை முற்றத்துக்கு, பிறகு உள்ளே என்று கால அட்டவணையைத் திருப்பிப் போட்டால் போதும். ஏடிஸ் கொசு அந்த நேரத்தில் கடிக்கும் என்பது உண்மை, வீட்டுக்குள்ளும் கடிக்கும் என்பதும் உண்மை. அது முட்டையிடுவது தேங்கிய நீரில். வாரம் ஒரு நாள் பிள்ளைகளே வாளி, தொட்டி, சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து வருவதை ஒரு விளையாட்டாக்கலாம், முழுக்கால் சட்டை அணிவிக்கலாம். புல்லை ஒட்ட வெட்டி, காலையில் ஒரு பெரியவர் சுற்றிப் பார்த்துவிட்டால் பாம்புப் பயம் பெரிதும் தீரும். புகைமூட்ட நாள்களில் உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியாது. ஆள் கூடினால் சம்பளம் கூடும், கட்டணம் கூடும், ஏழைப் பெற்றோர் விலகுவார்கள். அதனால்தான் இதைத் தனியார் பாலர் பள்ளிகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது. 1969இல் தொடங்கப்பட்டு, கெலுகோரில் மின்டன் பழைய இராணுவ முகாமில் வளர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தன்னைத் தோட்டத்துக்குள் இருக்கும் பல்கலைக்கழகம் என்றே அழைத்துக்கொண்டது. இருபது வயதினருக்குக் கிடைத்த அந்த நிழல் நான்கு வயதினருக்கும் வாரம் இருமுறையாவது கிடைக்க வேண்டும். 1967 முதல் தென்கிழக்காசிய ஆசிரியர்களுக்கு அறிவியலும் கணிதமும் பயிற்றுவிக்கும் ரெக்சாம் நிலையமும் கெலுகோரில்தான் இருக்கிறது. பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு முற்றத்தில் நடத்தும் ஒரு பயிற்சியை அது வகுத்துத் தர முடியும். மாநகர் மன்றத்தின் பூங்காக்கள் வார நாள் காலைகளில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கின்றன. முற்றமில்லாத பள்ளிகள் முறைவைத்துப் பயன்படுத்த அவற்றைத் திறந்துவிடலாம். தமிழ்ப்பள்ளிகளுக்கும் தமிழ்ப் பாலர் பள்ளிகளுக்கும் பினாங்கு மாநில அரசு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. அடுத்த முறை விண்ணப்பம் எழுதும் நிர்வாகக் குழுக்கள் கணினி, குளிர்சாதனம், வண்ணப்பூச்சு என்ற வழக்கமான பட்டியலுக்கு மேலே ஒரு வரியைச் சேர்க்கட்டும்: ஒவ்வொரு வகுப்புக்கும் கூடுதலாக ஒரு பெரியவரின் ஓராண்டுச் சம்பளம். இரண்டாவது வரியில் ஒரு லாரி மணலும் கைகால் கழுவ ஒரு வெளிக் குழாயும் வரட்டும். மூன்றாவது வரியில், இடமிருக்கும் பள்ளிகளுக்கு, ஒரு கெலுகோர் மரக்கன்று.